கீழே வைக்க முடியாத கொம்பு

ஊளையனைத் தொட்டிக்குள் முக்கி எடுத்தபோது ரோனாத்தின் இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை நனைந்தன, நனையட்டும், அவள் காய்ச்சிய கள்தானே, இந்தக் கூடத்தில் இதுவரை அவள் காய்ச்சியதெல்லாம் இன்னொருத்தர் பார்லி, இன்னொருத்தர் விறகு, இன்னொருத்தர் கள், இன்றைக்குத்தான் ஊறப்போட்டு முளைகட்டியதிலிருந்து புளிக்கவைத்து வடிகட்டியது வரை எல்லாம் அவளுடையது, அந்த நினைப்பே நெஞ்சுக்குள் சூடாக இறங்கியது. ஊளையன் என்பது கொம்பின் பெயர். இந்த வடநாட்டுக்காரர்களுக்கு வாளுக்குப் பெயர் உண்டு, கப்பலுக்குப் பெயர் உண்டு, குடிக்கிற கொம்புக்கும் பெயர் உண்டு, அடிமைக்குப் பெயர் வைக்கத்தான் நேரம் கிடைக்காது, "ஏய்" என்பார்கள், குடிக்கிற வேளை வந்தால் "கொம்பு!" என்று ஒரு அதட்டல், சத்தம் கேட்டதும் அவள் கொம்போடு போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான் உறவு. இன்றைக்கு அவளுடைய விடுதலைக் கள். போன குளிர்காலத்தில் நெஞ்சுச் சளியில் சாகக் கிடந்த எஜமான் ஆஸ்முண்ட், ராப்பகலாகப் பக்கத்தில் இருந்து கஞ்சி புகட்டியவளிடம், பிழைத்தால் உன்னை விட்டுவிடுகிறேன் என்று வாயை விட்டுவிட்டார், பிழைத்தும் தொலைத்துவிட்டார், சாட்சிக்கு ஆட்கள் இருந்ததால் மாற்றிப் பேசவும் வழியில்லை. ஆனால் வாய்ச்சொல் மட்டும் இங்கே செல்லாது. விடுபடுகிற அடிமை தன் கையால் கள் காய்ச்சி, கூடத்தையே கூப்பிட்டு ஊற்றி, ஒரு கொம்பு நிறைய எஜமானிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவர் பாதி குடித்துவிட்டுத் திருப்பித் தருவார். மீதியை அவள் எல்லார் கண்முன்னாலும் ஒட்டக் குடிக்க வேண்டும், சிந்தக் கூடாது, நடுவில் கொம்பைக் கீழே வைக்கக் கூடாது. முடித்தால் அவள் மனுஷி. சிந்தினால் அடுத்த குளிர்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். அடுத்த குளிர்காலத்துக்குள் அவள் வயிற்றில் இருப்பது வெளியே வந்துவிடும், அடிமை வயிற்றில் பிறந்தது அடிமை, ஆஸ்முண்டுக்குப் பிறகு அது அவர் மகன் ஹல்வார்டின் சொத்து. அதை நினைக்காமல் இருக்கத்தான் அவள் காலையிலிருந்து தொட்டியை இத்தனை முறை கிண்டிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் சின்ன மாட்டுக் கொம்பில் நடப்பதாகத்தான் பேச்சு. ஒட்டாருக்கு அப்படித்தான் நடந்தது, படகுப் பலகை இடுக்கில் தார் அடைக்கிற ஒட்டார், வயிற்றில் இருப்பதற்கு அப்பன், அவனும் ஒரு காலத்தில் இந்த வீட்டு அடிமைதான், அவனுடைய விடுதலைக் கள் அன்றைக்குச் சின்னக் கொம்பை நாலு மிடறில் முடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, கதவோரக் கடைசிப் பலகையில் போய் உட்கார்ந்தான், ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கு, தொட்டிக்கு வருவதற்குச் சற்று முன்னால், அவள் அந்தச் சின்னக் கொம்பை எடுக்கக் கை நீட்டின நேரத்தில் ஹல்வார்ட் எழுந்து வந்தான், எஜமானின் தலைக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த ஊளையனைக் கழற்றி அவள் கையில் திணித்தான். "அப்பாவோட உயிரையே காப்பாத்தினவ, அவளுக்குப் போய் அந்தத் தம்மாத்தூண்டு கொம்பா? பெரிய மனுஷிக்குப் பெரிய கொம்புதான் மரியாதை," என்று கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, "ஆனா ஊளையன் ஒரு தடவ ஊளையிட்டாலும் சிந்தின கணக்குதான். என்னப்பா, சரிதானே?" என்று உயர்பீடத்தைப் பார்த்தான். ஆஸ்முண்ட் தாடியைச் சொறிந்தார். "அதுவும் ஒரு வேடிக்கைதான்," என்றார். அவர் மனைவி குன்வோர் தன் கண்ணாடிக் குவளைக்குள் எதையோ பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டாள். மரியாதையாம். மரியாதை என்று சொல்லி ஒரு ஆளின் காலை வாருவதற்கு ஹல்வார்டிடம்தான் பாடம் கேட்க வேண்டும். ஆனாலும் ரோனாத்துக்கு உள்ளே எங்கோ ஒரு அல்ப சந்தோஷம் எட்டிப் பார்த்தது, ஏனென்றால் ஊளையனைத் துடைத்திருக்கிறாள், நிரப்பியிருக்கிறாள், சுமந்திருக்கிறாள், தனக்கென்று ஏந்தியது இல்லை, இப்போது ஏந்தியிருக்கிறாள், பகையாளி கொடுத்தால் என்ன, கையில் இருப்பது ஊளையன்தானே. தனக்கு மட்டும் கொம்பு முளைத்துவிட்ட மாதிரி நிமிர்ந்துகொண்டு, அவள் உயர்பீடத்தை நோக்கி முதல் அடி வைத்தாள்.

கூடம் நீளம். நடுவில் நெருப்புக்குழி, இரண்டு பக்கமும் பலகைகள், கதவோரத்தில் கள் தொட்டி, மறுகோடியில் உயர்பீடம், மதியம் தாண்டினதுமே இருட்டிவிடுகிற மாதம் என்பதால் நெருப்புதான் வெளிச்சம். நிறைந்த கொம்போடு ஓடவும் முடியாது, அதைக் கீழே வைக்கவும் முடியாது, அதற்கு அடிப்பாகம் என்று ஒன்றே கிடையாது, கையில் வாங்கினால் காலியாகிற வரை கையில்தான், அதனால்தான் இவர்களுக்குக் கொம்பென்றால் இத்தனை மோகம், குடித்து முடிக்கத் திராணி இருக்கிறவன் மட்டும் வாங்கட்டும் என்பதுதான் அதன் அர்த்தம். எதில் குடிக்கிறான் என்று பார்த்தால் போதும், ஆள் யாரென்று கேட்க வேண்டாம். இதோ கதவோரம், கடைசல் பிடித்த மரக்குவளை, ஒட்டாரின் கையில் ஒன்று, அதை அவன் குடிக்காமல் பிடித்துக்கொண்டு அவளையே பார்க்கிறான், பார்க்காதே, பார்த்தால் எனக்குக் கால் தடுக்கும். அதற்கு மேலே வெறும் மாட்டுக் கொம்புகள், படகோட்டிகள், பக்கத்துப் பண்ணைக்காரர்கள். அதற்கும் மேலே விளிம்பில் பித்தளை கட்டியவை. பீடத்தை நெருங்க நெருங்க வெள்ளி. குன்வோருக்கு மட்டும் தெற்கத்தி தேசத்திலிருந்து வந்த பச்சைக் கண்ணாடி, அதுவும் கீழே வைக்க முடியாததுதான், அதைக் கழுவும்போதெல்லாம் ரோனாத் மூச்சை அடக்கிக்கொள்வாள், அது உடைந்தால் தன் தோல் உரியும் என்று தெரியும். அடிமைகளுக்கு? தொட்டியில் கிடக்கிற அகப்பை. எல்லாரும் விழுந்து கிடந்த பிறகு, அடியில் தங்கிய கசடை ஆளுக்கு ஒரு வாய், எச்சில் பட்ட அதே அகப்பையில். அகப்பைக்கு யாரும் பெயர் வைத்ததில்லை. இன்றைக்கு அந்த மரக்குவளையும் மாட்டுக் கொம்பும் வெள்ளியும் கண்ணாடியும் எல்லாமே அவள் கள்ளால் நிறைந்திருக்கின்றன, ஒரு படகோட்டி மீசையை நக்கிக்கொண்டு "பரவாயில்லையே" என்கிறான், பரவாயில்லையா, இதைவிட நல்ல கள்ளை நீ உன் கல்யாணத்தில்கூடக் குடித்திருக்க மாட்டாய், சதுப்பில் வளர்கிற வாசனை இலையைப் போன கோடையில் முழங்கால் சேற்றில் நின்று பறித்துக் காயவைத்தவள் நான், குடி, நன்றாகக் குடி. இதைச் சத்தமாகச் சொல்லிவிட வேண்டும்போல வாய் துறுதுறுவென்று வந்தது, அடக்கிக்கொண்டாள்.

கொம்பின் வாயைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்கு வெள்ளிப் பட்டை. அதில் நாய்களா பறவைகளா என்று சொல்ல முடியாத உருவங்கள், ஒன்றின் வாலை ஒன்று கவ்வி, கழுத்து கழுத்தாகப் பின்னி, எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது, விருந்தாளிகள் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்ப்பார்கள், எங்கே பிடித்தீர் இதை என்பார்கள், ஆஸ்முண்ட் மேற்கே கையைக் காட்டுவார். மேற்கே என்றால் அவள் ஊர். அந்தப் பட்டையில் இரண்டு ஆணி ஓட்டைகள் வெறுமனே இருக்கும், எதற்கென்று யாரும் கேட்டதில்லை, ரோனாத்தின் கட்டைவிரலுக்கு மட்டும் தெரியும், அது ஒரு மரப்பெட்டியின் மூடியில் அடித்திருந்த தகடு, அவள் பிறந்த கடற்கரையின் சின்னக் கோயிலில், வேதப் புத்தகம் வைத்திருந்த பெட்டி. திருநாள் அன்று ஊரே வரிசையாக வந்து அதை முத்தமிடும். அவளுக்கு எட்டாது, அப்பா இடுப்பைப் பிடித்துத் தூக்குவார், தகடு உதட்டில் சில்லென்று படும், நாயா பறவையா என்று பார்ப்பதற்குள் இறக்கிவிடுவார். அப்புறம் ஒரு கோடைகாலக் காலையில் கப்பல்கள் வந்தன, கொள்ளைக்குப் போவதை இவர்கள் வைக்கிங் போவது என்பார்கள், ஏதோ சந்தைக்குப் போகிற மாதிரி. கப்பலின் அடித்தளத்தில், நனைந்த கம்பளிக் குவியலுக்கும் கட்டிப்போட்ட ஆடுகளுக்கும் நடுவே அவள் கிடந்தாள், எதிரே ஒருத்தன் பெட்டியை முழங்காலில் வைத்துக் கத்தியால் நெம்பி அந்தத் தகட்டைப் பெயர்த்துக்கொண்டிருந்தான், மரத்தைக் கடலில் எறிந்தான். அவளும் அந்த வெள்ளியும் ஒரே கப்பலில் வந்தவர்கள். வந்த இடத்தில் வெள்ளிக்குச் சுவரில் இடம் கிடைத்தது, எஜமானின் தலைக்கு மேல். அவளுக்குத் தரை. ஒவ்வொரு விருந்துக்கும் அதைச் சாம்பல் போட்டுத் தேய்க்கும்போது, நீயாவது நன்றாக இரு என்று நினைத்துக்கொள்வாள், சில நாள் பொறாமையாகவும் இருக்கும், அதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் தேய்த்துத் தேய்த்து, அவள் ஒருநாளும் அதில் உதட்டை வைத்ததில்லை.

நெருப்புக்குழியின் பாதி தூரம் வந்தாயிற்று. பயமில்லை, பயப்பட என்ன இருக்கிறது, அவள் ஒத்திகை பார்த்தவள். மாட்டுக் கொட்டிலில், கன்றுகளுக்கு மருந்து புகட்டுகிற பழைய கொம்பு ஒன்று உண்டு, பால் கறக்கப் போகிற காலையிலெல்லாம் அதில் தண்ணீர் நிரப்பி, மாடுகள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரே மூச்சில் குடித்துப் பழகினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. முகத்தில் அடிக்கவில்லை. அட, இவ்வளவுதானா, இதற்கா இவர்கள் இத்தனை பீற்றிக்கொள்கிறார்கள் என்று ஒரு பசுவிடம் சொல்லிக்கூடச் சிரித்தாள். நன்றாகத்தான் குடித்தாள். தண்ணீர் சீராக வந்தது, கொம்பு உயர உயர வந்துகொண்டே இருந்தது, நுனியில் அடைத்திருந்த துணி மட்டும் லேசாகச் சொட்டியது, நுனியில், துணி. ரோனாத்தின் கண் தானாக ஊளையனின் நுனிக்குப் போயிற்று. அங்கே துணி இல்லை. தங்கமுலாம் பூசிய வெண்கலப் பறவைத் தலை ஒன்று அலகை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, இறுக்கி அடித்தது, ஈ நுழைய இடமில்லை. மருந்துக் கொம்போ நுனி அறுத்த கொம்பு. கன்றின் வாய்க்குள் மருந்து அந்த ஓட்டை வழியாகத்தான் போகும், அதைத் துணி சுருட்டி அடைத்துக்கொண்டுதான் அவள் பழகினாள், துணி வழியாகக் காற்று போய்க்கொண்டே இருந்திருக்கிறது, அதனால்தான் சீராக வந்தது, அதனால்தான் முகத்தில் அடிக்கவில்லை. நுனி மூடிய கொம்பு அப்படியா? அதை அண்ணாந்து கவிழ்த்தால் உள்ளே காற்று போக வழி தேடும், தேடித் தேடி ஒரே பாய்ச்சலாகப் போகும், போகும்போது ஒரு ஊளை, இருக்கிற கள் அத்தனையும் மூஞ்சியில். அதனால்தானே அதற்கு ஊளையன் என்றே பெயர். பாதிக் கொம்புதான் இன்னும் மோசம், கள் நுனிப் பக்கம் ஒதுங்கிக் கிடக்கும், கொம்பை ஓங்கித் தூக்காமல் வராது. இவ்வளவும் அவளுக்குத் தெரியும், வருஷக்கணக்காகத் தெரியும், ஊற்றுகிறவளாகத் தெரியும், குடிக்கப் போகிறவளாகத்தான் ஒரு நாளும் யோசிக்கவில்லை, கன்றுக்குட்டிக் கொம்பில் குடித்துவிட்டுப் பசுவிடம் பெருமையடித்திருக்கிறாள், முட்டாள், முட்டாள்.

கால் நிற்கவில்லை, அது பழகிய கால், மனசு எங்கே போனாலும் அது பாட்டுக்கு நடக்கும். ஒரு தடவை வடக்கேயிருந்து ஒரு பெரிய மனுஷன் வந்தான், கழுத்தில் வளையம், விரலெல்லாம் மோதிரம், ஊளையனை வாங்கி ஒரே தூக்காகத் தூக்கினான், ஊளை கூரை வரைக்கும் கேட்டது, தாடி, நெஞ்சு, புது அங்கி, எல்லாம் கள். கூடம் சிரித்த சிரிப்பில் நெருப்பே ஆடியது. விடிவதற்குள் கப்பலை அவிழ்த்துக்கொண்டு போனவன், அப்புறம் இந்தக் கரைப்பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. அவன் முகத்தைத் துடைத்துவிட்டது அவள்தான், துடைக்கும்போது அவன் உதடு நடுங்கியது, பெரிய ஆளுக்கே அப்படி. அவளுக்கு நடந்தால் யார் துடைப்பார்கள்? சிரிப்பு போகட்டும், சிரிப்பைத் தாங்கிக்கொள்ளலாம், வயிற்றில் இருப்பது எப்படித் தாங்கும், அது வளர்ந்து, ஹல்வார்ட் "ஏய்" என்று கூப்பிட, அது ஓடிப்போய், ஐயோ, வேண்டாம். கள்ளின் வாடை மேலே ஏறிக் குமட்டியது, இந்த மாதமெல்லாம் அப்படித்தான், தொட்டியைத் திறந்தாலே பின்கட்டுக்கு ஓடுவாள், ஒருநாள் வாய் கொப்புளித்துவிட்டுத் திரும்பினால் குன்வோர் நின்றுகொண்டிருந்தாள், ரோனாத் வயிற்றை மறைத்து முந்தானை போலக் கட்டியிருந்த மேல்துணியை ஒருமுறை பார்த்தாள், பார்த்துவிட்டுப் போய்விட்டாள். மறுநாள்தான், "விருந்த எதுக்குத் தள்ளிப்போடறது? கடுங்குளிர் வர்றதுக்குள்ளயே வெச்சுடு," என்று அவளாகவே சொன்னாள். எதற்கு அந்த அவசரம் என்று அன்றைக்கு இவளுக்குப் புரியவில்லை, இப்போதும் முழுசாகப் புரியவில்லை, புரிந்துகொள்ள இது நேரமும் இல்லை. யோசி. குடித்தவர்கள் எத்தனை பேர், அத்தனை பேரும் நனையவில்லையே, நனையாதவர்கள் என்ன செய்தார்கள்? அவள் எதிரில்தானே நின்றாள், ஜாடியோடு, அடுத்து ஊற்றுவதற்காக, காதைத் தீட்டிக்கொண்டு, உள்ளே எவ்வளவு மீதி என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்வாளே. முகத்தைப் பார்க்காதே, முகம் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான், மணிக்கட்டைப் பார். நனைந்தவர்களின் பறவை கூரையைப் பார்த்தது. நனையாதவர்களின் பறவை எதைப் பார்த்தது? தோளை. பறவைத்தலை தோள் பக்கம் சாய்ந்திருக்கும், கொம்பு பக்கவாட்டில் படுத்திருக்கும், ஆமாம், படுத்திருக்கும், பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். கண்ணால் பார்த்தது சரி, கை அதைச் செய்யுமா என்பதுதான் தெரியவில்லை.

அதற்குள் உயர்பீடம் வந்துவிட்டது. "எஜமான், இது என் கள்ளு. நான் விடுபடறதுக்குக் காய்ச்சின கள்ளு. குடிச்சுட்டு மிச்சத்த எனக்குக் குடுங்க," என்றாள், சொல்ல வேண்டிய வார்த்தைகள் இவ்வளவுதான், குரல் உடையவில்லை, அதுவே பெரிய விஷயம். ஆஸ்முண்ட் இரண்டு கையாலும் வாங்கினார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மணிக்கட்டைப் பார்த்தாள். கிழவர் கொம்பைப் படுக்கவைத்தார், பறவை அவர் இடது தோளைப் பார்த்தது, முதல் மிடறு போனதும் மணிக்கட்டு ஒரு நூல் திரும்பியது, நிறுத்தினார், மூச்சுவிட்டார், மறுபடி ஒரு நூல். இவ்வளவு மெதுவாக அவர் குடித்து அவள் பார்த்ததில்லை. வேண்டுமென்றே காட்டிக் கொடுக்கிறாரா, நோய்க்குப் பிறகு வந்த தளர்ச்சியா, கொம்பின் விளிம்புக்கு மேலே அந்தக் கண்கள் அவளைப் பார்த்தது மட்டும் நிஜம். "நல்லா வந்திருக்கு," என்றார், தாடியைத் துடைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். "முடிச்சுடு பார்க்கலாம்." ஹல்வார்ட் பலகையின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தான், கூத்து பார்க்க உட்காருகிற மாதிரி. நெருப்பில் ஒரு கட்டை வெடித்தது.

ரோனாத் கொம்பைத் தூக்கினாள், பறவையைத் தன் இடது தோளைப் பார்க்கவைத்தாள், வெள்ளியில் உதட்டை வைத்தாள். சில்லென்றிருந்தது. நெருப்புக்குப் பக்கத்தில் இத்தனை நேரம் இருந்தும் அதே சில்லிப்பு, இடுப்பில் அப்பாவின் இரண்டு கைகளும் திரும்பி வந்துவிட்டன, நாயா பறவையா, இந்தத் தடவை யாரும் இறக்கிவிடப் போவதில்லை, நிதானமாகப் பார்த்துக்கொள். முதல் மிடறு. கசப்பு, அப்புறம் இலையின் வாசனை, அப்புறம் இனிப்பு, என் கள்ளுக்கு இப்படியா ருசி, அகப்பைக் கசடில் இது தெரியவே தெரியாதே, இத்தனை வருஷமாக இவர்கள் இதையா குடித்துக்கொண்டிருந்தார்கள், பாவிகள். குமட்டல் எழுந்து தொண்டை வரை வந்தது, இரு, நீ உள்ளே இரு, உனக்காகத்தான் குடிக்கிறேன், கொஞ்சம் ஒத்துழை. இரண்டாவது. மணிக்கட்டை ஒரு நூல். கொம்புக்குள்ளே தூரத்தில் ஒரு சத்தம், யாரோ தூக்கத்தில் மூச்சிழுக்கிற மாதிரி, அது ஊளைக்கு முந்தின சத்தம், அந்தச் சத்தம் அவளுக்கு அத்துப்படி, அதைக் கேட்டதும் ஜாடியோடு ஒரு அடி பின்னால் நகர்ந்துகொள்வாள், துணி நனையாமல் இருக்க, இப்போது நகர இடமில்லை, உதட்டை எடுக்காமல் அப்படியே நின்றாள். விழுங்கவில்லை. திருப்பவில்லை. காற்று ஓரமாக, வெள்ளிக்கும் கள்ளுக்கும் இடையே இருக்கிற இடுக்கில், திருடன்போல நழுவி உள்ளே போயிற்று, போ, மெதுவாகப் போ, அவசரமில்லை. பின்னால் எவனோ "நின்னுட்டா, நின்னுட்டா" என்று கிசுகிசுத்தான். நிற்கட்டுமே, நிற்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை, கீழே வைக்கத்தான் கூடாது. மூன்றாவது மிடறு. இன்னொரு நூல். பறவை தோளிலிருந்து கொஞ்சம் தலை தூக்கியது, இன்னும் கொஞ்சம், கை வலித்தது, வலித்தால் வலி, குடம் குடமாகத் தண்ணீர் சுமந்த கை நீ, ஒரு கொம்பைப் பிடிக்க மாட்டாயா. மறுபடி அந்த மூச்சுச் சத்தம். மறுபடி நின்றாள். போனது. கள் குறையக் குறைய ருசி கனத்துக்கொண்டே வந்தது, கண்ணை மூடிக்கொண்டாள், கூடம் இல்லை, ஹல்வார்ட் இல்லை, உதட்டில் வெள்ளி, தொண்டையில் கள், காதில் அந்தச் சத்தம், இந்த மூன்றும்தான் உலகம், மூன்றுமே அவளுடையவை. பிறகு பறவை நேராகக் கூரையைப் பார்த்தது, உள்ளே ஒன்றுமில்லை, ஊளையன் வாயே திறக்கவில்லை.

கூடத்துக்கு உடனே புரியவில்லை. ஊளைக்காகக் காத்திருந்த காதுகள், ஊளை வராததால் இன்னும் காத்துக்கொண்டிருந்தன. "என்ன, குடிச்சாளா இல்லையா?" என்று ஹல்வார்ட்தான் முதலில் கேட்டான். ரோனாத் கொம்பை அவன் பக்கமாகத் திருப்பிக் கவிழ்த்தாள். விளிம்பில் ஒரு சொட்டு திரண்டு நின்றது, விழப் பார்த்தது, அவள் அதை நாக்கால் எடுத்துக்கொண்டாள். முதலில் ஆஸ்முண்ட் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார், அப்புறம் பலகை பலகையாகச் சத்தம் எழுந்து கதவு வரைக்கும் போயிற்று, அங்கே ஒட்டார் மரக்குவளையைத் தூணில் போட்டு அடித்துக்கொண்டிருந்தான், உடைத்துவிடுவான்போல. "விட்டாச்சு! எல்லாரும் சாட்சி, இவள விட்டாச்சு!" என்று எஜமான், இல்லை, ஆஸ்முண்ட் கத்தினார். அவளுக்கு அழுகை வரவில்லை, சிரிப்பும் வரவில்லை, காலியான கொம்பைப் பார்த்ததும் கால் தானாகத் திரும்பித் தொட்டியை நோக்கி நடக்க ஆரம்பித்தது, காலியானால் நிரப்ப வேண்டும், நிரப்பினால் கொண்டுபோக வேண்டும், கால் பாவம், அதற்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. பாதி வழியில்தான் அவளுக்கே உறைத்தது. எங்கேடி போகிறாய்? யாருக்கு? தொட்டி அங்கே இருந்தது, அகப்பையும் அங்கே இருந்தது. அவள் தொட்டியைத் தாண்டினாள், கதவோரக் கடைசிப் பலகைக்குப் போனாள், ஒட்டார் நகர்ந்து இடம் விட்டான், உட்கார்ந்தாள். கூடத்தின் கடைசி இடம், வாசல் காற்று கணுக்காலில் அடித்தது, ஆனால் பலகை, அடியில் மரம், முதுகுக்குச் சுவர், இத்தனை வருஷம் இந்தக் கூடத்தில் அவள் உட்கார்ந்ததே இல்லை என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. கொம்பை மடியில் வைத்துக்கொள்ளவில்லை. கையை நீட்டி, காலிக் கொம்பை, நிரப்பச் சொல்கிற மாதிரி, நெஞ்சுக்கு நேரே பிடித்தாள்.

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கடைசிப் பலகைக்கு யார் போய் ஊற்றுவது? வீட்டுக்காரி ஜாடியோடு எழுந்தால் உயர்பீடத்துக்கு ஊற்றுவாள், பெரிய விருந்தாளிக்கு ஊற்றுவாள், வெள்ளியும் கண்ணாடியும் இருக்கிற இடத்தோடு திரும்பிவிடுவாள், கதவோரப் பலகைக்கு அவள் ஊற்ற வந்ததாகச் சரித்திரமே இல்லை. ரோனாத்தின் கை நீட்டியபடியே இருந்தது, எடுத்துவிடலாமா, ரொம்பத்தான் போய்விட்டேனா, ஒரு நாளில் இவ்வளவு கேட்கலாமா, எடுக்காதே, எடுத்தால் நாளைக்கு இன்னும் கஷ்டம். குன்வோர் எழுந்தாள். கண்ணாடிக் குவளையைக் குடித்து முடித்துவிட்டுக் கணவன் கையில் கொடுத்தாள், ஜாடியைத் தொட்டியில் முக்கினாள், நெருப்பின் நிழல் முகத்தில் ஆட, கடைசிப் பலகைக்கு வந்து நின்று, நிதானமாக ஊற்றினாள். குனிந்து ஊற்றும்போது ரோனாத்துக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ரெண்டு பேருக்கும் சேத்துதான் ஊத்தறேன்," என்றாள். அப்போதுதான் ரோனாத்துக்கு அழுகை வந்தது, குபுக்கென்று, ஒளிக்கவும் வழியில்லாமல், அந்தப் பின்கட்டுப் பார்வையும் அந்த அவசரமும் இந்தக் கல் மனுஷிக்குள் இத்தனை நாளாக இருந்த ஏதோ ஒன்றும் ஒரே நேரத்தில் புரிந்து, "அம்மா" என்று மட்டும் சொன்னாள். குன்வோர் அதற்குள் திரும்பி நடந்துவிட்டிருந்தாள். ரோனாத் ஒரு வாய் குடித்தாள், ஒட்டாரிடம் கொடுத்தாள், அவன் முதல்முறையாக வெள்ளியில் வாய் வைக்கிற கூச்சத்தில் பூனைக்குட்டிபோல நக்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான், அந்த அழுகையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அந்த நேரம் பார்த்து, மறுகோடியிலிருந்து, வெற்றுக் கையை நீட்டிக்கொண்டு, பழக்கதோஷத்தில், ஹல்வார்ட் அதட்டினான். "கொம்பு!"

ரோனாத்தின் முழங்கால் ஒரு கணம் எழப் பார்த்தது. அவள் அதை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மறுகையில் ஊளையன், முக்கால்வாசி நிறைந்து, கீழே வைக்க முடியாதபடி கனமாக. கூடம் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் கண்ணைத் துடைக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை.

"இங்கதான் இருக்கு," என்றாள். "வேணும்னா வந்து வாங்கிக்குங்க."

ஆஸ்முண்டின் சிரிப்பு மறுபடி வெடித்தது, "போடா, போய் வாங்கிக்கோ, வேறென்ன செய்வ?" என்றார் மகனிடம். ஹல்வார்ட் சுற்றும் முற்றும் பார்த்தான், ஒருத்தரும் அவனுக்காக எழவில்லை, எழுந்து நெருப்புக்குழியை ஒட்டி நடக்க ஆரம்பித்தான். கூடம் நல்ல நீளம், அது எவ்வளவு நீளம் என்று ரோனாத்துக்குத் தெரிந்த அளவுக்கு அங்கே வேறு யாருக்கும் தெரியாது. அவன் வந்து சேருகிற வரை அவள் இன்னொரு வாய் குடித்துக்கொண்டிருந்தாள்.